உடைத்துப் பிரித்த கனெக்டிங் ராட்: கேப்பை கிரைண்ட் செய்யலாமா?

ஜூன் 3, இரவு 9.40 – ஒரு வாசகரின் கேள்வி

நாலு சிலிண்டர் டீசல் கார். ஆயில் விளக்கு எரிந்த பிறகும் வீடு வரை ஓட்டிவிட்டேன். இரண்டாம் சிலிண்டரில், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் (கிராங்க்கைக் கவ்வும் பெரிய வளையம்) பேரிங், இடத்தில் நிற்காமல் சுற்றிவிட்டது. என்ஜினை இறக்கியாயிற்று, கிராங்க் கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது. ராடைக் கழற்றிப் பார்த்தால் கேப் (அந்த வளையத்தின் கழற்றக்கூடிய பாதி) சேரும் இடம் வழவழப்பாக இல்லை, இரும்பை உடைத்தது போல் சொரசொரவென்று இருக்கிறது. லேத்காரர், "இது ஏற்கெனவே உடைஞ்ச ராடு. ரெண்டு முகத்தையும் ஃபேஸ் பண்ணி, போரை (வளையத்தின் உள்துளையை) ரவுண்டாக்கித் தர்றேன், புதுசு வேண்டாம்" என்கிறார். செய்யலாமா?

ஜூன் 3, இரவு 10.10

வேண்டாம். இப்போதே போன் போட்டு நிறுத்துங்கள். அது தயாரிக்கும்போதே உடைத்துப் பிரித்த ராட். கேப் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தச் சொரசொரப்புதான். கல்லில் ஒரு தடவை தொட்டால் ராட் முடிந்தது.

நாலு கேப்பையும் அதனதன் ராடில் போட்டு, போல்ட்டைக் கையால் இறுக்கி வையுங்கள். உடைந்த முகம் மேஜையில் படும்படி வைக்க வேண்டாம். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 6.20

பழைய முறையில் ராடையும் கேப்பையும் தனித்தனியாக ஃபோர்ஜ் செய்வார்கள், அல்லது ஒன்றாக அடித்து ரம்பத்தால் அறுப்பார்கள். அறுத்த முகங்களை மில்லிங், கிரைண்டிங் செய்து தட்டையாக்க வேண்டும். தட்டையான இரண்டு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நகரும். கேப் நகராமல் இருக்க டவல் பின்னோ (இடத்தில் நிறுத்தும் சின்ன ஊசி), ஸ்லீவோ, நடுப்பகுதியை அளவாக கிரைண்ட் செய்த போல்ட்டோ வேண்டும். அதற்குத் துல்லியமான துளைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின், ஒரு ஆள், ஒரு சோதனை.

உடைக்கும் முறையில் ராட் ஒரே துண்டாக வருகிறது. போல்ட் துளை போட்டு, மரை வெட்டி, பிக் எண்ட் போரை ரஃபாகக் கடைந்த பின், போரின் உள்சுவரில் எதிரெதிராக இரண்டு கீறல் போடுகிறார்கள். முன்பு புரோச்சிங்கில் (பல் வைத்த கருவியை இழுத்து வெட்டுவது) போட்டார்கள், இப்போது பெரும்பாலும் லேசர். ஆழம் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஆனால் கீறலின் அடி கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு பாதியாக உள்ள ஒரு மாண்ட்ரலைப் போருக்குள் நுழைத்து, நடுவில் ஓர் ஆப்பை ஹைட்ராலிக்கில் ஒரே வீச்சில் இறக்குகிறார்கள். பாதிகள் விலக, ராட் கீறல் வழியே பிளந்துவிடுகிறது. இதை மெதுவாகச் செய்யக் கூடாது. மெதுவாக இழுத்தால் ஸ்டீல் நீண்டுகொடுக்கும், போர் ஓவலாகிவிடும்.

ஒரே போடில் உடைத்த தேங்காயின் இரண்டு மூடிகளைச் சேர்த்துப் பாருங்கள். கோடு தெரியாமல் பொருந்தும், இன்னொரு காயின் மூடியோடு பொருந்தாது. இதுவும் அப்படித்தான்.

உடைத்த கையோடு முகத்தில் தொங்கும் துகள்களைக் காற்றடித்து எடுக்கிறார்கள். போல்ட் போட்டு முறுக்கி, தளர்த்தி, மறுபடி காற்றடித்து, மறுபடி முறுக்குகிறார்கள். உயர்ந்து நிற்கும் நுனிகள் இதில் படிந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் கேப்போடு சேர்த்துக் கடைசி போரிங், ஹோனிங் (நுண்ணிய கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது). ஆகவே உங்கள் கையில் உள்ள போர் அந்த ஒரு கேப், அந்த ஒரு நிலைக்கு மட்டுமே வட்டமானது. கேப்பைத் திருப்பிப் போட்டாலும் அந்த வட்டம் போய்விடும்.

ஜூன் 4, காலை 7.05

விட்டுப்போனது: எல்லா ஸ்டீலும் இப்படி உடையாது. குவெஞ்ச் செய்து (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து) டெம்பர் செய்த (மறுபடி மிதமாகச் சூடாக்கிய) சாதாரண ராட் ஸ்டீலை இப்படிப் பிளக்கப் போனால் வளைந்து கொடுத்த பிறகுதான் உடையும். ஐரோப்பியர்கள் இதற்கென்றே கொண்டுவந்தது சி70எஸ்6. சுமார் 0.7 சதவீதம் கார்பன். கடைசல் எளிதாக இருக்கக் கொஞ்சம் கந்தகத்தை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஃபோர்ஜ் சூட்டிலிருந்து கட்டுப்பாடாகக் காற்றில் ஆற விட்டால் போதும், தனியாக ஹீட் ட்ரீட்மெண்ட் கிடையாது. உள்ளே ஏறக்குறைய முழுக்கப் பெர்லைட் (இரும்பும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக உள்ள அமைப்பு). அதனால் இழுபடாமல் சட்டென்று பிளக்கிறது. இதைவிட வலுவாக வேண்டும் என்று பிற்பாடு வனேடியம் கூட்டிய நடுத்தரக் கார்பன் ஸ்டீல்களும் வந்தன.

இன்னொரு வழி பவுடர் ஃபோர்ஜிங். இரும்புத் தூளில் 2 சதவீதம் அளவுக்குச் செம்பும் கொஞ்சம் கிராஃபைட்டும் கலந்து அச்சில் அழுத்தி, சின்டர் செய்து (உருகவிடாமல் சூட்டில் ஒட்ட வைத்து), சூடாக இருக்கும்போதே மூடிய டையில் ஓர் அடி. உள்ளே இருந்த துளைகள் அநேகமாக மூடிவிடும். எடை ராடுக்கு ராட் அதிகம் மாறாது. இதுவும் சுத்தமாக உடையும்.

ஜூன் 4, மதியம் 1.30

சேலத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "உடைச்ச இடம்னா பலவீனம்தானே? ஹைவேயில 120ல போகும்போது அங்கேயே விட்டுப் போகாதா?"

நியாயமான கேள்வி. கணக்காகவே பார்ப்போம். ஒரு பெட்ரோல் என்ஜின், ஸ்ட்ரோக் 80 மி.மீ., பிஸ்டனும் பின்னும் ராடின் மேல்பாதியுமாக அரைக் கிலோ, 6,000 ஆர்.பி.எம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் நின்று திரும்பும்போது அது ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை சுமார் 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன். பிக் எண்டில் இந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது கேப். வினாடிக்கு 50 தடவை.

இப்போது போல்ட். எம்8 (8 மி.மீ.) அளவு, 10.9 தரம் உள்ள ஒரு போல்ட்டை யீல்டு வரை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை வரை) முறுக்கினால் கிட்டத்தட்ட 3 டன் பிடி கிடைக்கும். இரண்டு போல்ட்டுக்கு 6 டன். ஒரு டன் இழுப்பு வரும்போதும் அந்த முகங்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டுதான் இருக்கின்றன, திறப்பதே இல்லை. திறக்காத இடத்தில் விரிசல் வளர வழி இல்லை. உடைந்த முகம் அழுத்தத்தை மட்டும்தான் சுமக்கிறது. அது போக, ராட் சாய்ந்து சாய்ந்து ஆடும்போது கேப்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அந்த மேடு பள்ளங்கள் பல்லாகப் பிடித்து வாங்கிக்கொள்கின்றன. தட்டை முகத்தில் அந்த வேலை டவலுடையது.

ஆகவே பலவீனம் என்று சொல்ல வேண்டுமானால் அது போல்ட்டில்தான், அதுவும் சரியாக முறுக்காத போல்ட்டில்.

ஜூன் 4, இரவு 8.50

இது புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு. அமெரிக்காவில் படகுகளுக்குச் செய்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின்களில் உடைத்துப் பிரித்த கேப், கார்களில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அங்கே பிக் எண்டில் நீடில் ரோலர்கள் ராடின் மேலேயே ஓடும். கேப் ஒரு இழை நகர்ந்தாலும் ரோலர் அந்தப் படியில் இடிக்கும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

கார்களில் பவுடர் ஃபோர்ஜ் ராட் முதலில் வந்தது, உடைப்பது பிறகு. போர்ஷே 928 பவுடர் ராடோடு 1970-களின் கடைசியில் வந்தது, டொயோட்டா 1981-ல் தொடங்கியது. உடைத்த கேப்பைப் பெரிய எண்ணிக்கையில் கொண்டுவந்தது 1990-களின் தொடக்கம்: ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்), 1992-ல் பி.எம்.டபிள்யூவின் எம்60 வி8. ஜி.எம்.மின் எல்.எஸ்1 1997-ல் வந்தபோது இது சாதாரணமாகிவிட்டது. உடைக்கும் மெஷின்களுக்குப் பெயர்பெற்ற கம்பெனி ஜெர்மனியின் ஆலன் ஊரில் உள்ள ஆல்ஃபிங் கெஸ்லர். 2015 யமஹா ஆர்1 பைக்கில் டைட்டானியம் ராடையே உடைத்துப் பிரித்தார்கள். டைட்டானியம் இழுபடும் குணம் உள்ளது, அதை இப்படிப் பிளக்க வைத்தது சின்ன வேலை இல்லை.

ஜூன் 5, காலை 9.15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: போன் போடுவதற்குள் இரண்டாம் சிலிண்டர் கேப்பை லேத்காரர் "ரெண்டே தவ்" (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்துவிட்டாராம். மற்ற மூன்றும் தப்பித்தன.

அந்த ராடைத் தூக்கி வைத்துவிடுங்கள். லேத்காரரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். அவர் கற்ற தொழில் அது, அந்தக் காலத்து ராடுக்கு அதுதான் சரியான வேலையும்கூட. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. என்ஜினில் பிக் எண்ட் சாய்வாக அறுத்திருக்கும். பல லாரி என்ஜின்களில் சாய்வு முகத்தில் பல் வெட்டியே இருக்கும். கிராங்க் பின் தடிமனாக இருப்பதால் நேராக வெட்டினால் ராட் சிலிண்டர் வழியே மேலே வராது, அதற்காகத்தான் அந்தச் சாய்வு. தட்டை முகம் உள்ள ராடின் போர் ஓவலானால் கேப் முகத்தில் ஓரிரண்டு தவ் எடுத்து, போல்ட் முறுக்கி, சின்னதாகிப்போன போரை மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கு ஹோனிங் செய்வோம். நானும் அந்த வேலையில்தான் கை பழகினேன். முறையாகச் செய்த ராட் புது ராடுக்குக் குறைந்ததில்லை.

உடைத்த ராடில் இதற்கு இடமே இல்லை. முகத்தைத் தட்டையாக்கிய நிமிடம் கேப்பை இடத்தில் நிறுத்த எதுவும் மிச்சமில்லை. டவல் கிடையாது. கேப்பின் போல்ட் துளை லூசாகவே இருக்கும், ஏனென்றால் நிறுத்தும் வேலையை முகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வடிவமைத்தது அது. தட்டையாக்கி முறுக்கி ஹோனிங் செய்தால் மேஜையில் வட்டமாகத்தான் காட்டும். கழற்றி என்ஜினில் போடும்போது கேப் ஒரு இழை தள்ளி உட்காரும். பேரிங் ஷெல்லின் (போருக்குள் உட்காரும் அரைவட்டத் தகடு) ஓரம் கிராங்க் பின்னிலிருந்து ஆயிலை வழித்துவிடும். எங்கள் பட்டறைக்கு இப்படிச் செய்த என்ஜின்கள் வந்திருக்கின்றன, எல்லாம் இரண்டாம் தடவை பேரிங் போனவை. ஒருவர் மகள் கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் அதே என்ஜினை மறுபடி கட்டினார். அதனால்தான் இதில் நான் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

ஜூன் 5, காலை 9.40

"டவல் போட்டுக்கொடுத்தால்?" என்று ஒருவர். உடைந்த முகத்தைச் சமன் செய்து, ஜிக்கில் பிடித்து, டவல் துளை போட்டு, புஷ் வைத்து, மறுபடி போரிங் செய்யக் கை தேர்ந்தவருக்கு முடியும். கிடைக்கவே கிடைக்காத பழைய ரேஸ் என்ஜின் ராட் என்றால் பேசலாம். கடையில் விற்கும் ராடுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

ஜூன் 6, இரவு 9.30

மீதி மூன்று ராடுகளை எப்படிப் பார்ப்பது.

முதலில் சுத்தம். கெரசினோ பார்ட்ஸ் கிளீனரோ ஊற்றி நைலான் பிரஷ், பிறகு காற்று. முகத்தில் வயர் பிரஷ், எமரி ஷீட், துணி எதுவும் கூடாது. துணியின் ஒரு நூல் மாட்டிக்கொண்டாலே அளவு கெடும். நம்பர் போட பஞ்ச் அடிக்காதீர்கள், பெயிண்ட் மார்க்கர் போதும்.

பிறகு ஷெல் இல்லாமல் கேப்பைப் போட்டு, மேனுவலில் சொன்ன முறுக்கு முழுவதும் கொடுத்து, போர் கேஜில் பாருங்கள். ராடின் நீளவாக்கில் ஓர் அளவு, இரு பக்கமும் 45 டிகிரியில் ஓர் அளவு, சேரும் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் அளவு. பேரிங் சுற்றிய ராடுக்கு அடுத்திருக்கும் ராடுகளும் நீளவாக்கில் நீண்டு, கோட்டுப் பக்கம் குறுகியிருக்கலாம். கார் ராடுகளில் இந்தப் போருக்குக் கொடுக்கும் சலுகை பொதுவாக 0.02 மி.மீ. அளவில்தான். உங்கள் என்ஜின் மேனுவலில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், ஷெல்லைப் போருக்குள் பிடித்து நிறுத்துவது அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு இல்லை. ஷெல்லின் ஓரம் போரைவிடத் துளி உயர்ந்து நிற்கும். கேப்பை முறுக்கும்போது அந்த உயரம் நசுங்கி ஷெல் போரில் இறுகப் படியும். போர் பெரிதாகிவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும். ஷெல் முதுகின் வழியே சூடு ராடுக்குப் போகாது, கடைசியில் ஷெல் சுற்றும். நாக்கு, மாட்டும்போது இடம் காட்ட மட்டும்தான்.

பிக் எண்டில் நீல நிறம் ஏறியிருந்தால் அளவே எடுக்க வேண்டாம், ராட் மாற்றுங்கள். அது முறுக்கு தாங்குமா, வட்டமாக நிற்குமா என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஸ்மால் எண்ட் (பிஸ்டன் பக்கத்துச் சின்ன வளையம்) புஷ் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. பழைய ராட் மாதிரியே புஷ்ஷைத் தள்ளி, புதுசு ஏற்றி, பின்னுக்கு அளவாக ஹோனிங். உடைத்த ராடிலும் மனசார ரீகண்டிஷன் செய்யக்கூடிய இடம் அது.

ஜூன் 8, காலை 7.00

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. போர் ஓவலானால் புது ராட்தான் என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். நடுவில் ஒரு வழி உண்டு. முகத்தைத் தொடாமல், கேப்பை முறுக்கி வைத்தபடியே போரை 0.05 மி.மீ. அளவு பெரிதாக்கி வட்டமாக்கலாம், வெளிவிட்டம் அதே அளவு கூடுதலாக உள்ள பேரிங் ஷெல் கிடைத்தால். அமெரிக்க வி8-களில் சிலவற்றுக்கு அப்படி ஷெல் விற்கிறார்கள். தொழில்நுட்பமாக அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் ஓடும் சின்ன டீசல் கார்களுக்கு அந்த ஷெல் என் கைக்கு வந்ததில்லை. இங்கே அண்டர்சைஸ் ஷெல் கேட்டால் அது கிராங்க் கிரைண்ட் செய்ததற்கு, உள்விட்டத்துக்கு. கடையில் "ஓவர்சைஸ்" என்று மட்டும் சொல்லி வாங்கி வந்துவிடாதீர்கள், எந்த விட்டம் என்று கேளுங்கள்.

ஜூன் 9, மதியம் 2.20

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் பழைய ராட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம், போல்ட்டோடு பூட்டியிருந்தால். சாக்கில் கேப் தனி, ராட் தனியாகக் கொட்டி, "எதை வேணா எடுங்க, எல்லாம் ஒரே மாடல்தான்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பூட்டியிருப்பதையும் அங்கேயே கழற்றச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் மேடுகள் பளபளவென்று நசுங்கியிருந்தால் யாரோ தப்பான கேப்பைப் போட்டோ திருப்பிப் போட்டோ முறுக்கியிருக்கிறார்கள். நல்ல ஜோடி மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும், சேர்த்தால் போரின் உள்ளே நகம் தட்டாது. எடைக் குறியீடும் பாருங்கள். ராடிலோ கேப்பிலோ எழுத்து அல்லது நிறம் இருக்கும், மற்ற மூன்றோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜூன் 12, இரவு 10.00

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் நிறைய. 1.25 லிட்டர், 17-க்கு 1 கம்ப்ரஷன் உள்ள டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 20 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது சுருங்காது, ராட்தான் வளையும். லேசாக வளைந்த ராடோடு என்ஜின் ஓடும். புகை, சத்தம், கம்ப்ரஷன் குறைவு என்று மாதக்கணக்கில் இழுத்து, பிறகு ஒரு நாள் பேரிங்கோ பிஸ்டனோ போகும். ஹெட்டைக் கழற்றியதும் நாலு பிஸ்டனின் உச்சி உயரத்தையும் டயல் கேஜில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதுதான்.

பழைய ராடை பிரஸ்ஸில் நிமிர்த்துவோம். உடைத்த ராடை நான் நிமிர்த்திக் கொடுப்பதில்லை. உடைவதற்கென்றே செய்த ஸ்டீல், திருப்பி வளைப்பதை அது விரும்பாது.

ஜூன் 13, காலை 8.10

போல்ட் பற்றிக் கேட்டவருக்கு: முதலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர், பிறகு இத்தனை டிகிரி என்று மேனுவல் சொன்னால் அது பெரும்பாலும் யீல்டு வரை இழுக்கும் போல்ட். அளவெடுக்கப் பழையதை உபயோகிக்கலாம். கடைசியாகப் பூட்டும்போது புதுசு. நாலு சிலிண்டருக்கு எட்டு போல்ட்டின் விலை, என்ஜினை ஒரு தடவை இறக்கி ஏற்றும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. மரை ராடுக்குள்ளேயே வெட்டியிருப்பதால் நட் கிடையாது. மரை போனால் ராடும் போனது. துளைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் காற்றடித்து எடுத்துவிட்டு, மரையில் ஒரு சொட்டு தடவினால் போதும்.

ஜூன் 20, இரவு 7.45

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல்: ஒன்றும் நாலும் அளவுக்குள் இருந்தன. மூன்றாவது 0.04 மி.மீ. நீண்டிருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே எடைப் பிரிவில் புது ராட் வாங்கிவிட்டார். கிராங்க் கால் மில்லிமீட்டர் எடுத்து வந்துவிட்டது, அதற்கான ஷெல்லும் கிடைத்துவிட்டது.

பூட்டும் முன் ஒன்று. முதல் நாள் நீங்கள் எழுதியது ஆயில் விளக்கு பற்றி. அது ஏன் எரிந்தது என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயில் சம்ப்பைத் திறந்து சல்லடை அடைத்திருக்கிறதா பாருங்கள். பம்ப்பைப் பிரித்து ரோட்டர் இடைவெளி எடுங்கள். கிராங்க்கின் ஆயில் துளைகளில் பேரிங் தூள் கட்டாயம் இருக்கும், பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஆயில் கூலரைக் கழுவி நம்ப முடியாது, மாற்றுங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயையும் மாற்றுங்கள். இவ்வளவும் முடித்த பிறகு ராடைப் பூட்டுங்கள்.